கிளப் சாக்கரில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு: எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்வது எப்படி?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஊர்க் கால்பந்து லீக்கிலிருந்து ‘டிராவல் டீம்’ எனப்படும் போட்டி அணிக்கு மாறும்போது, வீட்டின் வரவு செலவும் வார இறுதியும் உறங்கும் நேரமும் ஒருசேர மாறிவிடுகின்றன. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்தி, சனி ஞாயிறுகளில் பல மணி நேரம் காரோட்டும் பெற்றோர், அதற்கேற்ற பலனை எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் அந்தப் பலனை எதை வைத்து அளப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது, பிள்ளை முதல் அணியில் இருக்கிறானா இரண்டாம் அணியில் இருக்கிறானா என்பவற்றைக் கொண்டு அளந்தால், 10 வயதில் கிடைக்கும் விடை 15 வயதில் பொய்த்துப்போக வாய்ப்பு மிகுதி. பிள்ளையின் வயதையும் உடல் வளர்ச்சியையும் ஒட்டி எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்வதற்கான வழிகளை இங்கே சொல்கிறேன்.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்

தேர்வு முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன், அந்தக் கிளப்பின் சாதாரண வார நாள் பயிற்சி ஒன்றை முழுதாகப் பாருங்கள். ஆட்டத்தைப் பார்ப்பதைவிட இது அதிகம் சொல்லும். பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு, ஒவ்வொருவர் காலிலும் பந்து எத்தனை முறை படுகிறது, ஒரு பிள்ளை பந்தை இழந்ததும் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தவறுக்குப் பின் அந்தப் பிள்ளை மீண்டும் பந்தைக் கேட்டு ஓடுகிறது என்றால், அது நல்ல இடம்.

அதன் பிறகு கிளப்பிடம் சிலவற்றை நேரடியாகக் கேளுங்கள். ஓர் அணியில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் குறைந்தது பாதி ஆட்ட நேரமாவது உறுதியா? பிள்ளைகளை வெவ்வேறு இடங்களில் ஆட வைப்பார்களா? கட்டணத்துக்கு வெளியே சீருடை, போட்டித்தொடர், பயணம் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும்? பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதியை எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும்.

லீக்கின் பெயரைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம். 2007இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ற உயர்நிலை இளையோர் லீக் 2020இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற லீக் வந்தது, இ.சி.என்.எல். என்ற மற்றொன்று 2009இலிருந்து இயங்குகிறது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். 12 வயது வரை பிள்ளைக்கு வேண்டியது நல்ல பயிற்சியாளரும் போதிய ஆட்ட நேரமும்தான்.

எந்த வயதில் எதை எதிர்பார்ப்பது

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017இல் கட்டாயமாக்கிய விதிகளின்படி, 8 வயது வரை அணிக்கு நான்கு பேர், 9, 10 வயதில் ஏழு பேர், 11, 12 வயதில் ஒன்பது பேர், 13 வயது முதல்தான் பதினொரு பேர். ஆட்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தொடும் வாய்ப்பும், தானாக முடிவெடுக்கும் வாய்ப்பும் கூடுகின்றன. ஆகவே சிறிய மைதானத்தைப் பார்த்து, ‘இது உண்மையான கால்பந்து இல்லையே’ என்று எண்ண வேண்டாம்.

எழுவர் ஆட்டத்தில் ‘பில்ட் அவுட் லைன்’ என்றொரு கோடு உண்டு. கோல்கீப்பரின் கையில் பந்து இருக்கும்போது எதிரணியினர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு நெடுந்தொலைவுக்கு உதைக்கக் கூடாது. அருகில் நிற்கும் தன் அணியினருக்கு உருட்டியோ எறிந்தோ கொடுத்து, அங்கிருந்து பாஸ் செய்து முன்னேறப் பழக வேண்டும் என்பதே இதன் நோக்கம். இப்படிப் பழகும் அணி முதல் சில மாதங்களில் தன் கோலுக்கு அருகிலேயே பந்தை இழக்கும், கோல்களை வாங்கும், பல ஆட்டங்களில் தோற்கும். அதே பருவத்தில், வலுவான இரண்டு பிள்ளைகளை முன்னால் நிறுத்திவிட்டு அவர்களை நோக்கிப் பந்தை ஓங்கி உதைக்கும் அணி எளிதாக வெல்லும். இதைக் கண்டு மனம் வெதும்பும் பெற்றோர் பலர் அடுத்த ஆண்டே வெல்லும் அணிக்கு மாற்றிவிடுகிறார்கள். 13 வயதில் மைதானம் பெரிதாகி, எல்லாரும் ஓரளவு வேகமாக ஓடத் தொடங்கியதும், நெருக்கடியில் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தலையை உயர்த்திப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்குமான வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது. எனவே 10 வயதில் தோல்விகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு செய்யத் துணியாத எதை இந்த ஆண்டு உங்கள் மகள் செய்கிறாள் என்று பாருங்கள். இடது காலால் பாஸ் கொடுக்கிறாளா, பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்க்கிறாளா, ஒருவரைத் தாண்டிச் செல்ல முயல்கிறாளா என்பவை கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சிகள்.

தலையால் பந்தை முட்டுவது 11 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை ஆட்டத்திலும் பயிற்சியிலும் கூடாது. அதற்கு மேல் 13 வயது வரை பயிற்சியில் அளவோடு கற்றுத்தரலாம். வீட்டுத் தோட்டத்தில் அப்பா எறியும் பந்துக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்த வேண்டும்.

பிறந்த மாதமும் உடல் வளர்ச்சியும்

ஒரே வயதுப் பிரிவில் முதல் மாதங்களில் பிறந்தவருக்கும் கடைசி மாதங்களில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி இருக்கிறது. 9 வயதில் ஓராண்டு என்பது மிகப் பெரிது. இளையோர் தேர்வுகளில் பிரிவின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாகத் தேர்வாவது பல நாடுகளிலும் காணப்படும் போக்கு. 2017 முதல் வயதுப் பிரிவைக் கணக்கிடும் எல்லையாக ஜனவரி 1 இருந்தது. 2026-27 பருவம் முதல் யு.எஸ். யூத் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ., யு.எஸ். கிளப் சாக்கர் ஆகிய அமைப்புகளில் எல்லை ஆகஸ்ட் 1 ஆகிறது. நேற்றுவரை பிரிவில் சிறியவனாக இருந்த நவம்பர் மாதத்துப் பிள்ளை இனிப் பெரியவர்களில் ஒருவன். ஜூலையில் பிறந்தவன் சிறியவர்களில் ஒருவன். திடீரென்று மேலேறியதும் கீழிறங்கியதும் திறமையின் தீர்ப்பு அல்ல என்பதைப் பிள்ளைக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் பருவ வளர்ச்சி இருக்கிறது. உயரம் மிக விரைவாகக் கூடும் காலம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் வருகிறது. ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் இருவரிடையே இதில் இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு இருக்கலாம். முன்கூட்டி வளர்ந்த பிள்ளை 12 வயதில் உடல் வலுவால் வெல்வதால் நுட்பம் கற்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. தாமதமாக வளரும் பிள்ளை சோர்ந்து விலகிவிடும் ஆபத்து உண்டு. உயரம் போதாதென்று பிரெஞ்சுக் கிளப்புகள் பல மறுத்த அந்துவான் கிரீஸ்மன், ஸ்பெயினின் ரியால் சோசியதாதில் வளர்ந்து 2018இல் பிரான்சுக்காக உலகக் கோப்பை வென்றார். சிறு வயதில் லண்டன் கிளப்பான ஆர்சனலின் அகாடமி வெளியே அனுப்பிய ஹாரி கேன், பின்னர் டாட்டன்ஹாம் கிளப்புக்கும் இங்கிலாந்து அணிக்கும் அதிகக் கோல் அடித்தவரானார். உங்கள் பிள்ளை கேன் ஆவார் என்று இதற்குப் பொருளில்லை. அந்த வயதில் தேர்வாளர்களின் கணிப்பு தவறக்கூடியது என்பதே பொருள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள். விரைவாக வளரும் மாதங்களில் பிள்ளையின் ஓட்டம் தடுமாறும். பழகிய திறமைகள்கூடச் சிறிது காலம் கைவிட்டுப்போனது போலத் தோன்றும். முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருவது இந்தக் கட்டத்தில் அதிகம். ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டாமல், பயிற்சியாளரிடம் சொல்லிச் சுமையைக் குறைத்து, வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்பதால், ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ போன்ற இருபது நிமிட முன்பயிற்சியை அணி ஒழுங்காகச் செய்கிறதா என்று கேட்பது பெற்றோரின் கடமை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை தெளிவாக இருக்கிறது: ஒரே விளையாட்டில் மட்டும் ஈடுபடுவதை 15, 16 வயது வரை தள்ளிவைக்க வேண்டும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். கிளப் பயிற்சிக்கு மேல் தனிப்பயிற்சி, அதற்கு மேல் கோடை முகாம் என்று அடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆட்ட நாளில்

மைதானத்தின் ஓரத்திலிருந்து ‘அடி’, ‘பாஸ் பண்ணு’, ‘ஓடு’ என்று கூவும் ஒவ்வொரு சொல்லும், பிள்ளை தானாக எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பறித்துக்கொள்கிறது. பயிற்சியாளர் பின்னாலிருந்து பாஸ் செய்து ஆடச் சொல்லியிருக்க, அப்பா தூக்கி அடிக்கச் சொன்னால், ஒன்பது வயதுப் பிள்ளை இருவரில் யாரையாவது ஏமாற்றியே ஆக வேண்டும். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்று தமிழில் அதட்டுவது நம்மவர்களிடையே பரவலாக உள்ள பழக்கம். யாரைப் புண்படுத்தக் கூடாதோ அந்தப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரிகிறது. இரு அணியின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டுங்கள். நடுவரிடம் எதுவும் பேச வேண்டாம், அவரும் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவராகவே இருப்பார்.

திரும்பும் வழியில் காரில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சைப் பிள்ளை தொடங்கினால் பேசலாம். இல்லையென்றால் “பசிக்குதா, என்ன சாப்பிடலாம்?” என்பது போதும்.

பயிற்சியாளரிடம் பேசுவது

ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் குறை சொல்லிப் பேசவோ மின்னஞ்சல் அனுப்பவோ கூடாது என்பது பல கிளப்புகளின் விதி. உங்கள் கிளப்பில் இல்லாவிட்டாலும் நீங்கள் பின்பற்றலாம். 11, 12 வயதுக்கு மேல் பிள்ளையே முதலில் போய்ப் பேசட்டும். “ஏன் என் மகனை உட்கார வைத்தீர்கள்?” என்று கேட்டால் பயிற்சியாளர் தற்காப்பில் இறங்குவார், “அடுத்த இரண்டு மாதத்தில் அவன் மேம்படுத்த வேண்டிய இரண்டு விஷயங்கள் என்ன?” என்று கேட்டால் பயன்படும் விடை கிடைக்கும். வேறு பிள்ளைகளின் பெயரை அந்தப் பேச்சில் எடுக்கவே கூடாது. ஆனால் பயிற்சியாளர் பிள்ளைகளை இழிவாகப் பேசினாலோ, காயத்துடன் ஆட வற்புறுத்தினாலோ, அன்றைக்கே கிளப் நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

கல்லூரி உதவித்தொகை

இந்தக் கனவுதான் பல குடும்பங்களின் செலவை நியாயப்படுத்துகிறது என்பதால் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு 2025 வரை இருந்த உச்சவரம்பு 9.9 முழு உதவித்தொகைகள். இருபத்தைந்து முப்பது பேருக்கு அதைத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் மாணவரைத் தொடர்புகொள்ளலாம். ஆகவே 11 வயதில் ‘கண்ணில் படுவதற்காக’ விமானம் ஏறிப் போட்டித்தொடருக்குப் போக வேண்டிய தேவையில்லை. அந்தப் பணத்தைப் படிப்புக்காகச் சேமிப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அணி மாறுவதும் விலகுவதும்

பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் பிள்ளை வாரக்கணக்கில் தயங்குகிறதா, ஆட்ட நேரம் அறவே இல்லையா, கற்பது நின்றுவிட்டதா என்று பார்த்து, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டபின் பருவ முடிவில் மாறுங்கள். கட்டண ஒப்பந்தம் பெரும்பாலும் ஆண்டு முழுவதற்கும் கட்டுப்படுத்தும் என்பதால் இடையில் விலகும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். போட்டி அணியே வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், ஊர் லீக்கும் பள்ளி அணியும் இருக்கின்றன. ஆட்டத்தின் மீது ஆசை குறையாத பிள்ளைகள் பல மாநிலங்களில் 13, 14 வயதிலேயே நடுவர் பயிற்சி முடித்து, சிறுவர் ஆட்டங்களை நடத்திச் சம்பாதிக்கவும் தொடங்கலாம்.