மேடை ஏறும் முன்பே தீர்ந்துபோகும் உதடு: பித்தளை வாத்தியக் கச்சேரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பித்தளை வாத்தியம் என்றாலே மைதானமும் தெருவும்தான் நினைவுக்கு வரும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் தொடங்கிவிட்டால் பாடசாலைப் பக்கம் எங்காவது ஒரு பாண்ட் முழங்கிக்கொண்டே இருக்கும். ட்ரம்பெட், ட்ரொம்போன், யூபோனியம் எல்லாம் நம் பிள்ளைகளின் கைக்கு முதலில் வருவது அணிவகுப்புக்காகத்தான். அதே பிள்ளைகளில் பத்துப் பேர் நத்தாருக்கோ பாடசாலை விழாவுக்கோ மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கச்சேரி செய்யும்போது, மைதானத்துப் பழக்கமும் கூடவே மேடைக்கு வந்துவிடுகிறது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவைதான்.

நான் யூபோனியம் வாசிப்பவன்; சிறிய டியூபா போன்ற, கீழ்ச்சுர வாத்தியம் அது. பதினெட்டு வயதில் வாசித்த ஒரு கச்சேரி இன்னும் மனதில் நிற்கிறது. நிகழ்ச்சி ஏழு மணிக்கு. நாங்கள் மத்தியானம் இரண்டு மணிக்கே கூடி, முழு நிகழ்ச்சியையும் முழுச் சத்தத்தில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். இடையில் ஒரு ரோல்ஸ், பிளேன்டீ. மறுபடியும் ஊதினோம். மேடையில் மூன்றாவது பாட்டில் முதல் ட்ரம்பெட் வாசித்தவன் மேல் சுரத்துக்கு ஏறினான். சுரம் வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. உதட்டில் மௌத்பீஸ், அதாவது வைத்து ஊதும் வாய்த்துண்டின், வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. முடிந்தபின் எங்கள் ஆசிரியர் திட்டவில்லை. “ஏழு மணிக்குத் தேவையான உதட்டை ரெண்டு மணிக்கே செலவழிச்சுப்போட்டீங்களே பிள்ளைகள்” என்று மட்டும் சொன்னார்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பித்தளை வாத்தியத்தில் சத்தம் பிறப்பது பித்தளையில் இல்லை, உதட்டில். மூச்சில் உதடு அதிர்கிறது. அந்த அதிர்வைக் குழாய் தன் நீளத்துக்கு ஏற்ற சுரமாக்கித் தருகிறது. காளி கோயில் திருவிழாவில் நாதஸ்வர வித்துவான் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று சரிவராவிட்டால் அடுத்தது. நமக்கோ உதடுதான் சீவாளி, அதை மாற்ற முடியாது.

ஆகவே கச்சேரி நாளில் முழு ஒத்திகை வேண்டாம். பாட்டுகளின் தொடக்கம், முடிவு, தாளம் மாறும் இடம், தடுமாறும் இடம் இவற்றை மட்டும் பாருங்கள். முக்கால் மணி நேரம் தாராளம். உச்ச சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே வாசித்துக் காட்டினால் போதும். உதட்டைச் சூடாக்கப் பத்து நிமிடம், மெதுவாக, நடு ஸ்தாயியில், நீண்ட சுரங்களாக. ஊதிய அளவு நேரம் ஓய்வும் கொடுக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று “மேல் சி வருதா பார்ப்போம்” என்று ஒருவர் தொடங்க, நான்கு ட்ரம்பெட்டும் போட்டி போடுவதை உடனே நிறுத்துங்கள். சுரம் வராதபோது மௌத்பீஸை உதட்டில் அழுத்துவதும் இதே குடும்பத்துத் தவறுதான். அழுத்தினால் அந்த ஒரு சுரம் வந்துவிடும். ஆனால் உதட்டுக்கு இரத்த ஓட்டம் குறைந்து, அடுத்த பாட்டுக்கு உதடு மரத்துப்போகும்.

நிகழ்ச்சி நிரலிலும் இதே கணக்கு உண்டு. உச்ச சுரங்கள் நிறைந்த பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவே ஒரு பாடகரையோ, கவிதை வாசிப்பையோ, தாள வாத்தியத் தனியையோ வையுங்கள்.

அடுத்தது சத்தம். வெளியில் ஊதும்போது சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒலி இல்லாததால், நம் சத்தம் நமக்கே போதாதது போலத் தோன்றும். இன்னும் பலமாக ஊதுவோம். மண்டபத்திலும் அப்படியே ஊதினால் ட்ரம்பெட் மட்டும்தான் கேட்கும், டியூபா காணாமற்போய்விடும். ஒலியின் அடித்தளம் டியூபாவும் யூபோனியமும்தான். அவர்களின் சத்தம் உங்கள் காதில் விழவில்லையென்றால் நீங்கள் அளவுக்கு மீறி ஊதுகிறீர்கள் என்று அர்த்தம். வெனிஸில் ஜொவான்னி கப்ரியேலி 1597இல் அச்சிட்ட ஒரு சொனாட்டாவில் எட்டுக் குரல்களில் ஆறு ட்ரொம்போனுக்கு உரியவை. எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்று தாளிலேயே குறித்து அச்சான மிகப் பழைய ஆக்கங்களில் அதுவும் ஒன்று. மெல்ல வாசிப்பது பித்தளைக்குப் புதிய விஷயம் இல்லை.

இனி சுருதி. வெக்கைக்குப் பேர்போன நம் ஊரில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், வாத்தியத்தின் சுருதி ஏறும். ஒரு பாகை செல்சியஸுக்கு அரைச்சுரத்தின் நூற்றில் மூன்று பங்கு என்று தோராயமாகக் கணக்கு. ஏசி அறையில் 24 பாகையில் சுருதி சேர்த்துவிட்டு 33 பாகையில் வெளியே போய் வாசித்தால், கணக்குப்படி ஏறக்குறைய அரைச்சுரத்தில் கால் பங்கு ஏறிவிடும். உள்ளே போகும் மூச்சே குழாயைச் சூடாக்குவதால் உண்மையில் வித்தியாசம் கொஞ்சம் குறையும். என்றாலும் பக்கத்தில் இருக்கும் கீபோர்ட் தன் சுருதியான 440 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். அது உங்களுக்காக ஏறி வராது.

எனவே வாசிக்கப்போகும் இடத்திலேயே, வாத்தியம் சூடான பிறகு சுருதி சேருங்கள். இரண்டு பாட்டுக்குப் பிறகு மறுபடி பாருங்கள். பெரிய வாத்தியம் மெதுவாகத்தான் சூடாகும். பி ஃபிளாட் டியூபாவின் குழாய் ஐந்தரை மீற்றர், ட்ரம்பெட் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. நீண்ட ஓய்வு வந்தால் சத்தமில்லாமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டிருங்கள். சுருதி ஏறினால், குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டியூனிங் ஸ்லைடை வெளியே இழுக்க வேண்டும். பதற்றத்தில் உள்ளே தள்ளுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ட்ரம்பெட்டின் மூன்றாம் வால்வு ஸ்லைடைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்வை அமுக்கினால் ஒரு குழாய்த் துண்டு கூடுதலாகச் சேர்ந்து சுரம் இறங்கும். முதல் வால்வு இரண்டு அரைச்சுரம் இறக்கும், மூன்றாவது மூன்று இறக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து இறங்க வேண்டும், ஆனால் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும். குழாய் நீண்டுவிட்டபின் அதே துண்டு போதாது. அதனால்தான் கீழ் டி, சி ஷார்ப் இரண்டும் சுருதி ஏறிக் கேட்கும். அந்த ஸ்லைடை விரலால் வெளியே தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். பாடசாலை வாத்தியங்கள் பலவற்றில் அது பல வருடமாக அசையாமல் இறுகிக் கிடக்கிறது. குறடு கொண்டு இழுக்காதீர்கள், குழாய் நெளிந்துவிடும். திருத்துபவரிடம் கொடுத்து எடுத்து, கிரீஸ் பூசி வையுங்கள்.

வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் பக்கத்தில் மட்டும் நடக்கும் தவறோ தெரியாது, ஆனால் நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. வெளியில் வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு நன்றாகவே ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும் எண்ணெய். ஏசி மண்டபத்தில் அரை மணி நேரம் இருந்தால் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் இறங்கும், ஏறாது. என் கண் முன்னே ஒரு பிள்ளை இடது கையால் வால்வைத் தூக்கித் தூக்கி ஒரு பாட்டு முழுவதையும் முடித்தாள். அவளுடைய பொறுமையை இன்றும் நினைப்பேன். வால்வு எண்ணெய் என்றே தனியாக விற்கிறது, அதையே வாங்குங்கள். துடைத்துப் போடும்போது பிஸ்டனில் பொறித்திருக்கும் 1, 2, 3 இலக்கங்களையும் பாருங்கள். இடம் மாறினால் காற்றே போகாது; மேடைக்கு ஐந்து நிமிடம் முன்பு அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

அதேபோல, கச்சேரிக்கு முதல் நாள் இரவு குத்துவிளக்குக்குப் போடும் பொலிஷால் வாத்தியத்தைத் தேய்ப்பார்கள். பளபளப்பதற்காக மேலே லக்கர் பூசிய வாத்தியம் அது. தேய்க்கத் தேய்க்க லக்கர் போய், கடற்காற்று நேரே பித்தளையில் படும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

உட்காரும் ஒழுங்கில் இரண்டு விஷயம். பிரெஞ்ச் ஹோர்னில் ஒலி வெளிவரும் விரிந்த வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். பின்னால் தடித்த திரை இருந்தால் ஒலி முழுவதையும் அது விழுங்கிவிடும். ட்ரொம்போன் ஸ்லைட் முழுதாக நீளும் அளவுக்கு முன்னால் இடம் விடுங்கள், முன்வரிசைப் பிள்ளையின் தலையில் இடிக்கக் கூடாது.

கீபோர்ட் வாசிப்பவரின் இசைத்தாளைப் பிரதி எடுத்து ட்ரம்பெட்டுக்குக் கொடுக்காதீர்கள். ட்ரம்பெட் சி என்று வாசித்தால் காதுக்கு வருவது பி ஃபிளாட். அவர்களுக்கு ஒரு முழுச்சுரம் மேலே எழுத வேண்டும்.

டச்சுக்குடாக் கடற்கரையில் மேடை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் இசைத்தாள் ஒன்றும் நிற்காது. கொடியில் உடுப்புக்குப் போடும் கிளிப் தலைக்கு நான்கு என்று எடுத்துப் போங்கள். வாத்தியத்தை வெயிலில் மணலில் வைக்காதீர்கள். வால்வுக்குள் ஒரு மணல் போனாலே கீறிவிடும்.

கச்சேரி முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் எல்லோரும் படமெடுக்கப் போய்விடுவார்கள். அதற்கு முன் இரண்டு நிமிடம், கீழ் ஸ்தாயியில் மிக மெல்ல நான்கைந்து சுரம் ஊதி உதட்டைத் தளர விடுங்கள். தண்ணீர்ச் சாவியைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். அது எச்சில் என்று அருவருக்க வேண்டியதில்லை, பெரும்பகுதி மூச்சின் ஈரம் குளிர்ந்து தேங்கியதுதான். வெளியே உப்புக் காற்று பட்டிருந்தால் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, மௌத்பீஸைத் தனியாகக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். கழற்றாமல் வைத்து, அது இறுகி, மறுநாள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வராமல் போன யூபோனியம் என்னுடையதுதான்.