கரண்ட் எடுக்குற காத்தாடிக்கு நிலத்த லீஸுக்கு விடுறீங்களா? சறுக்குற இடம் இதெல்லாம்தான்

முப்பந்தல், ராதாபுரம், கயத்தாறு, அந்தப் பக்கம் பல்லடம், உடுமலைன்னு காத்து அடிக்கிற ஊர்ல மானாவாரி நிலம் வச்சிருந்தா வீடு தேடி ஆள் வரும். "ஏக்கருக்கு வருஷம் இவ்ளோ"ம்பாங்க, நம்மாளுங்களும் அந்தத் தொகைய மட்டும் பேரம் பேசிட்டு மிச்ச பக்கத்த புரட்டாமலே கையெழுத்து போட்டுடுறாங்க. 25 வருஷ பத்திரம்ங்க அது, முடியுறப்ப பதில் சொல்லப் போறது உங்க பிள்ளைங்க.

வாடகை எப்படி ஏறுதுன்னு பாருங்க. 1 லட்சத்துல ஆரம்பிச்சு வருஷாவருஷம் 5 சதவீதம் கூடுனா 25-வது வருஷம் 3.2 லட்சம் கிட்ட வரும், அதே 5 சதவீதம் மூணு வருஷத்துக்கு ஒருக்கான்னா 1.48 லட்சத்தோட நின்னுடும்.

அடுத்தது பவர், அதாவது உங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் கையெழுத்து போட எழுதிக் குடுக்குற அதிகாரப் பத்திரம். லீஸ்னு பேச்ச ஆரம்பிச்சு புரோக்கர் பேருக்கு பொது பவர் எழுதி வாங்கிடுவாங்க, அதுல விக்கிற அதிகாரமும் சேர்ந்தே இருக்கும். பவரே வேணாம், கம்பெனியோட நேரா பத்திரம் போடுங்க. கம்பெனி பேங்க்ல கடன் வாங்கத்தான் செய்யும், அது தப்பில்ல, ஆனா அடமானம் வைக்கிறது அவங்க லீஸ் உரிமையா மட்டும் இருக்கணும், உங்க நிலமா இருக்கக் கூடாது.

ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ கட்டாயம் பதிவு பண்ணணும், 1908 பதிவுச் சட்டம் 17-வது பிரிவு. நோட்டரி சீல் பத்தாது. கூட்டுப் பட்டான்னா முதல்ல பங்காளிங்களோட பேசி உட்பிரிவு பண்ணிடுங்க, வாடகை வர ஆரம்பிச்சப்புறம் யாரும் இறங்கி வர மாட்டாங்க.

யாருமே கேக்காத ஒண்ணு, மெஷின் ஆயுசு முடிஞ்சா என்ன ஆகும்? 90-கள்ல வச்ச 250 கிலோவாட் காத்தாடிக்கெல்லாம் இப்ப வயசாயிடுச்சு, பழச எடுத்துட்டு புதுசு வைக்க தமிழ்நாடு அரசு 2024-ல பாலிசியே போட்டுருக்கு. கழட்டுறது யாரு, அஸ்திவார கான்கிரீட்ட எத்தன அடி ஆழம் வரைக்கும் தோண்டி எடுக்கணும், எத்தன மாசத்துல, அத செய்யலன்னா பேங்க் பணம் தர்றதுக்கான கேரண்டி எவ்ளோன்னு இப்பவே எழுதி வாங்கணும், பெரிய மெஷின் வச்சா வாடகைய புதுசா பேசணும்னும் சேருங்க.

கிரேன் பாதை, கேபிள், லைன் எல்லாம் எங்க போகுதுன்னு எஃப்எம்பி ஸ்கெட்ச்ல (நிலத்தோட சர்வே அளவு வரைபடம்) மார்க் பண்ணி பத்திரத்தோட இணைங்க, இல்லன்னா இறக்கை ஏத்திட்டு வர்ற வண்டி திரும்புறதுக்கே விதைச்ச காடு போயிடும். அப்புறம் இந்த வாடகை விவசாய வருமானம் கிடையாது, வரிக்கணக்குல காட்டணும், ஆடிட்டர ஒரு தடவ பாத்துடுங்க.