மாணவர் மனசு பெட்டியைப் பயன்பட வைப்பது எப்படி?

எங்கள் அரசுப் பள்ளியில், பிள்ளைகள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியின் பொறுப்பு என்னுடையது. முதலில் இடம். தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் ஒரு பிள்ளைகூடச் சீட்டுப் போடாது. எங்கள் பெட்டி நூலகத்துக்குப் போகும் வழியில், மாடிப்படிக்கு அடியில் தொங்குகிறது. ஒருவர் மட்டும் திறக்காதீர்கள். பள்ளியின் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவினர் கூடித் திறந்து, பதிவேட்டில் எழுதுங்கள்.

‘கழிப்பறையில் தண்ணீர் இல்லை’ என்ற சீட்டுதான் அதிகம் வரும். சலித்துக்கொள்ளாதீர்கள். குழாயில் தண்ணீர் வந்தால்தான் அடுத்த சீட்டில் ‘ராத்திரி தூக்கம் வரவில்லை டீச்சர்’ என்று எழுதுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைத் தேடும் துப்பறியும் வேலை மட்டும் வேண்டாம். பெயர் போட்டிருந்தால், வகுப்பு நடுவே கூப்பிடாமல், வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லித் தனியே பேசுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் பள்ளிக்குள் பேசி முடிக்க இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். சாகும் எண்ணம் தெரிந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், பெற்றோரை வரவழைத்து, அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, படிப்பு, தேர்வுப் பதற்றத்துக்கு 14417. இந்த எண்களைப் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.