வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் டேங்குக்கு 5 சதவீத அளவில் தயாரிப்பது எப்படி?

வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் புழு அடங்கவில்லை என்றால் முதலில் கொட்டையைப் பாருங்கள், பிறகு அடித்த நேரத்தைப் பாருங்கள். பூச்சியைத் தடுக்கும் முக்கியப் பொருளான அசாடிராக்டின் கொட்டை பழசாகப் பழசாகக் குறையும். வெயில் பட்டால் இலை மேலேயே சிதையும்.

ஆனி, ஆடியில் உதிரும் பழுத்த பழங்களைப் பொறுக்கிச் சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் காயவைத்து, சணல் சாக்கில் கட்டிவையுங்கள். பாலித்தீன் பையில் வைத்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். 3 மாதம் ஆன, 8 மாதம் தாண்டாத கொட்டைதான் கரைசலுக்கு ஏற்றது. நாலைந்தை உடைத்துப் பாருங்கள்: பருப்பு வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்போ கறுப்போ ஏறியிருந்தால் தள்ளிவிடுங்கள். அதை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் பயனில்லை.

10 லிட்டருக்குத் தேவை 500 கிராம் பருப்பு. ஓடு போனால் எடை பாதிக்கும் கீழே இறங்கும் என்பதால் ஒன்றேகால் கிலோ கொட்டை எடுங்கள். ஓடு நீக்கிய பருப்பை உரலில் ரவை பதத்துக்கு இடியுங்கள். மிக்ஸி என்றால் சூடேறாமல் விட்டுவிட்டு ஓட்டுங்கள். மாவாக அரைத்தால் எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும். எண்ணெய் மிகுந்த கரைசல் இளந்தளிரைக் கருக்கும், தெளிப்பானின் முனையான நாசிலையும் அடைக்கும்.

இரவில் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். கெட்டியாகக் கூழ்போல் நின்றால் இன்னும் அரை லிட்டர் ஊற்றலாம். உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் பெரும்பாலும் காரமாக (அமிலத்துக்கு எதிர்த்தன்மையோடு) இருக்கும், காரத்தில் அசாடிராக்டின் நிற்காது. மழைநீர் கிடைத்தால் அதுவே நல்லது.

மறுநாள் மாலை, கரைசல் பால்போல் வெளுக்கும்வரை குச்சியால் கலக்குங்கள். பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு, பால் நிறம் மங்கும்வரை இரண்டு மூன்று தடவை பிழிந்து, மொத்தம் 10 லிட்டராக்குங்கள். சக்கை செடியடிக்கு உரமாகும்.

காதி சோப்பு 20 கிராம் சீவி, கொஞ்சம் நீரில் குழைத்துக் கடைசியாகச் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். சோப்பும் காரம்தான், அதனால் முந்தின இரவே கலந்து வைக்கக் கூடாது.

தெளிப்பது மாலை 4 மணிக்கு மேல். அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருப்பதால் நாசிலைக் கீழிருந்து மேலாகத் திருப்பி அடியுங்கள். மீன் வளர்க்கும் குட்டையில் கரைசல் வழியக் கூடாது.

அடித்த மறுநாள் புழு உயிரோடுதான் இருக்கும், பதற வேண்டாம். இது நரம்பைத் தாக்கி உடனே கொல்லும் விஷம் இல்லை. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மற்ற செடிகளை மொட்டையடித்தும் வேம்பை விட்டுவைத்ததை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். அதே தீனித் தடுப்புதான் உங்கள் கத்தரிச் செடியிலும் நடக்கிறது. கூடவே, தோலுரிக்கத் தூண்டும் ஹார்மோனும் குழம்புகிறது. மூன்று நான்கு நாளில் இலையைத் திருப்பிப் பார்த்தால், பழைய தோல் பாதி கழன்றும் கழலாமலும் சுருண்டு கிடக்கும் புழுக்கள் தென்படும். தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிட்ட புழுவை இது எட்டாது. அந்தத் தண்டையும் காயையும் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள்.

7 முதல் 10 நாளுக்குள் மறுபடி அடியுங்கள், இடையில் மழை பெய்து கழுவிவிட்டால் அதற்கு முன்பே. மிச்சக் கரைசலை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்காதீர்கள்.