கல்லடிக் கடற்கரையில் பழைய பாட்டுக் கச்சேரி: முதன்முறை போகிறவர்களுக்கு

மே தொடங்கி செப்டெம்பர் வரை மட்டக்களப்பில் மழைப் பயம் குறைவு. திறந்தவெளிக் கச்சேரிக்கு ஏற்ற காலம். பழைய பாட்டு நிகழ்ச்சி என்று நோட்டீஸ் கண்டால் விடாதீர்கள்.

முதல் வேலை, இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஒருவரைக் கூட்டிக்கொள்வது. நான் அம்மாவோடுதான் போவேன். அறிவிப்பாளர் வாய் திறக்கும் முன்பே, இசைத் துணுக்கை வைத்து எந்தப் பாட்டென்று சொல்லிவிடுவா.

இரண்டாவது, பன்பாய். பிளாஸ்டிக் கதிரையின் கால் மணலில் ஒரு பக்கமாய்ப் புதையும். பாதி நிகழ்ச்சியிலேயே இடுப்பு வலிக்கும். தண்ணீரும் ஒரு சால்வையும் போதும். கச்சான் அங்கேயே விற்பார்கள்.

மூன்றாவது, இடம். இதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். நானும் முதல்முறை மேடைக்கு முன்னால், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே போய் இருந்தேன். நெஞ்சில் இடித்தது பேஸ் மட்டும்தான். சுசீலாவின் பாட்டைப் பாடிய பிள்ளையின் குரல் கேட்கவே இல்லை. சவுண்ட்காரரின் மிக்ஸர் மேசை எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் குரலையும் வாத்தியத்தையும் கூட்டிக் குறைப்பார். ஆகவே அந்த மேசைக்குப் பக்கத்தில் பாயை விரியுங்கள். பாடகர் சரணத்துக்குப் போகும்போது அவர் விரல் ஒரு குமிழை மயிரிழை அளவு மேலே தள்ளும், குரல் சட்டென்று கிட்ட வரும். காற்றையும் பாருங்கள்: ஒரு பிடி காய்ந்த மணலைத் தூவினால், அது மேடைப் பக்கமிருந்து உங்களை நோக்கிப் பறக்க வேண்டும். எதிர்க்காற்றில் சொற்கள் தேய்ந்துபோகும்.

விருப்பப் பாடல் வேண்டுமென்றால் முதல் வரியையும் பாடியவர் பெயரையும் துண்டில் எழுதி, தொடக்கத்திலேயே அறிவிப்பாளரிடம் கொடுங்கள். இடைவேளைக்குப் பிறகு கொடுத்தால் கிடைக்காது.

டி.எம்.எஸ். பாட்டுகள் ஓய்ந்ததும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப்பிசை வரும், பிறகு பைலா என்னும் துள்ளல் ஆட்டப்பாட்டு. மும்மூன்றாய் விழும் அந்த அடி நமக்கு அந்நியமில்லை. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினோடு ஆடும் கபிரிஞ்ஞாவின் வழியில் வந்தது அது. கை தானாகத் தட்டும், தட்டுங்கள். அம்மாவின் பெருவிரல் பாயின் ஓரத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, வீடு திரும்புவது. முடிந்தவுடன் ஓட்டோவுக்கு முண்டியடிக்காதீர்கள். ஓட்டோக்காரரைப் பாலத்துக்கு அக்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் மெல்ல நடந்து வாருங்கள். பாட்டுக்காரர் ஓய்ந்துவிட்டார்கள். நிலாக் காலமென்றால் நடுப்பாலத்தில் கொஞ்சம் நின்று, வாவியில் மீன் பாடும் என்பார்களே, அது கேட்கிறதா என்று காதுகொடுத்துப் பாருங்கள்.