இன்குலாப் வேறு, புரட்சி வேறு: அரபு எழுச்சிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்வலத்தில் 'இன்குலாப் ஜிந்தாபாத்' (புரட்சி வாழ்க) என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறோம். அந்த இன்குலாப் அரபு வேரில் கிளைத்து, பாரசீகம், உருது வழியாக நம் ஊர்வரை வந்த சொல். இன்றைக்குக் கெய்ரோவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பாருங்கள். ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த கதையைப் பேசுகிறீர்கள் என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். இன்றைய அரபியில் 'இன்கிலாப்' என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு. புரட்சிக்குச் சொல் 'தவ்ரா'. எகிப்தியர் வாயில் அது 'ஸவ்ரா'.

இது அகராதிச் சண்டை அல்ல. 2013 ஜூன் 30 அன்று அதிபர் முஹம்மது முர்ஸிக்கு எதிராக எகிப்தின் தெருக்கள் நிரம்பி வழிந்தன. ஜூலை 3 அன்று ராணுவம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. நடந்தது ஸவ்ராவா, இன்கிலாபா? நீங்கள் எந்தச் சொல்லை எடுக்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தப் பக்கம் என்று எகிப்தியர் கண்டுபிடித்துவிடுவார்கள். 1952 ஜூலை 23 அன்று மன்னராட்சியைக் கவிழ்த்த இளம் அதிகாரிகளும் தாங்கள் செய்ததை முதலில் 'இயக்கம்' என்றுதான் சொன்னார்கள். 'புரட்சி' என்ற பட்டம் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. ஆகவே எழுதும்போது பட்டத்தை ஒதுக்கிவைத்து, யார் தெருவுக்கு வந்தார்கள், யார் அதிபரை இறக்கினார்கள், அதன்பின் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

2010 இறுதியில் துனீசியாவில் தொடங்கி அரபு நாடுகளில் பரவிய எழுச்சிகளுக்கு வைத்த 'அரபு வசந்தம்' என்ற பெயரிலும் இதே சிக்கல். அது வெளியிலிருந்து வந்த பெயர். வசந்தம் என்று பெயர் வைத்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து 'குளிர்காலம் வந்துவிட்டது' என்று கட்டுரையை முடிக்கக் கை தானாகப் போகும். துனீசியாவுக்கு 'மல்லிகைப் புரட்சி' என்று வாசனையும் தடவினார்கள். அங்குள்ளவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. 'கண்ணியத்துக்கான புரட்சி' என்றார்கள். 2019-இல் எழுந்த அல்ஜீரியர்களுக்குத் தங்கள் எழுச்சி 'ஹிராக்', அதாவது இயக்கம். அதே வருடம் எழுந்த ஈராக்கியர்களுக்கு 'திஷ்ரீன்', அதாவது அக்டோபர்.

அடுத்த தவறு, எல்லாம் ஒரு தீக்குச்சியில் தொடங்கியது என்பது. 2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சீதி பூசீத் ஊரில் தள்ளுவண்டியில் காய்கனி விற்ற முஹம்மது பூஅஸீஸி தீக்குளித்தார். 2011 ஜனவரி 4 அன்று இறந்தார். அடுத்த பத்தாம் நாள் அதிபர் பென் அலி சவூதிக்கு ஓடினார். இவ்வளவும் உண்மை. ஆனால் 'வேலை கிடைக்காத பட்டதாரி' என்று இன்றுவரை எழுதுகிறார்களே, அது தவறு. அவர் பள்ளிப்படிப்பையே முடிக்கவில்லை. பெண் அதிகாரி ஒருவர் அவரை அறைந்தார் என்ற கதையும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்த அதிகாரி 2011 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். அதைவிட முக்கியம், 2008-இலேயே அதே நாட்டின் கஃப்ஸா பாஸ்பேட் சுரங்கப் பகுதி மாதக்கணக்கில் கொந்தளித்தது. அதே வருடம் ஏப்ரல் 6 அன்று எகிப்தின் மஹல்லா நெசவாலை நகரத்தில் தொழிலாளர் போராட்டம் வெடித்தது. தீக்குச்சி மட்டும் நம் கண்ணில் படுகிறது. வருடக்கணக்கில் காய்ந்த விறகு படுவதில்லை.

ரொட்டியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பெரும்பாலான அரபு நாடுகளில் ரொட்டிக்கு 'ஃகுப்ஸ்' என்று பெயர். எகிப்தில் 'ஐஷ்'. அதன் வேர்ப்பொருள் வாழ்வு. 2011-இல் 'ஐஷ், ஹுர்ரியா, அதாலா இக்திமாஇய்யா' (ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி) என்று கத்தியபோது முதலில் நின்றது ரொட்டிதான். 1977 ஜனவரியில் அன்றைய எகிப்து அதிபர் சாதாத்தின் அரசு மானியத்தில் கைவைத்ததும் நாடே பற்றிக்கொண்டது. உடனே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் வந்தவர்களுக்கு அந்தப் பயம் தெளியவே இல்லை. மானிய ரொட்டி 30 வருடத்துக்கு மேல் 5 பியாஸ்டரிலேயே (100 பியாஸ்டர் ஒரு எகிப்தியப் பவுண்டு) நின்றது. 2024 ஜூனில்தான் 20 ஆனது. சூடானில் 2018 டிசம்பரில் ரொட்டி விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்றாக ஏறியதும், ரயில்வே நகரமான அத்பராவில் ஆளும் கட்சி அலுவலகம் எரிந்தது. நான்கு மாதத்தில் அதிபர் உமர் அல்-பஷீர் பதவியில் இல்லை.

'ஃபேஸ்புக் புரட்சி' என்ற கதைக்கு ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும். 2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. முந்தைய நள்ளிரவைத் தாண்டி எகிப்தில் இணையத்தை அறுத்துவிட்டார்கள், மொபைலும் ஓயவைக்கப்பட்டது. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசல்களில் திரண்ட கூட்டம் பாலங்களைக் கடந்து போலீஸை விரட்டியது; ஆளும் கட்சித் தலைமையகம் இரவெல்லாம் எரிந்தது. அதிபர் முபாரக் ஆட்சியின் முதுகெலும்பு முறிந்த நாள் அதுதான். அன்றைக்கு ஏறக்குறைய யாரிடமும் ஃபேஸ்புக் இல்லை. என்னாயிற்று என்று பார்க்கவே பலர் தெருவுக்கு இறங்கினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். 2019-இல் லெபனானுக்கு 'வாட்ஸ்அப் வரிப் போராட்டம்' என்று பெயர் சூட்டியதும் இப்படித்தான். அந்த வரியை அரசு சில மணி நேரத்தில் விலக்கிக்கொண்டது. கூட்டமோ கலையவில்லை. 'கில்லுன் யஅனி கில்லுன்', எல்லாரும் என்றால் எல்லாரும்தான், என்றார்கள்.

என்னைக் கேட்டால், எல்லா நாட்டையும் ஒரே தராசில் போடுவதுதான் இருப்பதில் பெரிய தவறு. துனீசியா பிழைத்தது, சிரியா அழிந்தது ஏன் என்று கேட்டால் 'அந்த மக்கள் அப்படி' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். மக்களை விடுங்கள், படையைப் பாருங்கள். துனீசிய ராணுவம் சிறியது; பென் அலி நம்பியிருந்தது போலீஸை. அவரைக் காப்பாற்றி ராணுவத்துக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. எகிப்து ராணுவம் மக்ரோனி, தண்ணீர் பாட்டில், பெட்ரோல் பங்க் என்று கடை விரித்திருக்கும் அமைப்பு. தன் சொத்தைக் காக்க ஒரு அதிபரைக் கைகழுவ அதனால் முடிந்தது. சிரியாவில் முக்கியப் படைப்பிரிவுகள் அதிபர் அசாத்தின் தம்பி, உறவினர் கையில் இருந்தன. கைகழுவுவது என்றால் அவர்கள் தங்களையே கைகழுவ வேண்டியிருந்தது. லிபியாவில் கடாபி வழக்கமான ராணுவத்தை வேண்டுமென்றே நோஞ்சானாக வைத்து, மகன்மார் படைகளை வளர்த்தார். அவர் விழுந்ததும் நாட்டைத் தாங்க எதுவும் இல்லை. சூடானில் பஷீர் தன்னைக் காக்க வளர்த்த துணைப்படையும் ராணுவமும் சேர்ந்துதான் அவரை இறக்கின, 2021-இல் சேர்ந்தே குடிமக்கள் அரசையும் கவிழ்த்தன. 2023 ஏப்ரலில் ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன.

ஸுன்னி, ஷியா என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களுக்கு 2019 ஈராக். பஸ்ரா, நாஸிரிய்யா போன்ற ஷியா ஊர்களின் இளைஞர்கள் ஷியா கட்சிகள் நடத்திய அரசை எதிர்த்துத்தான் நின்றார்கள். நஜஃபில் ஈரான் தூதரகக் கிளையையே கொளுத்தினார்கள். பிளவே இல்லை என்பதல்ல. அதை யார், எப்போது ஊதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு சின்னக் குறிப்பு: ஈரானும் துருக்கியும் அரபு நாடுகள் அல்ல. அரபு நாடுகளுக்குள்ளும் எல்லாரும் அரபிகள் அல்ல. மொராக்கோவின் 2011 அரசியல் சாசனம் அமாஸீக் (பெர்பர்) மக்களின் மொழியை ஆட்சிமொழி ஆக்கியது அந்த எழுச்சியின் கணக்கில்தான் வரும்.

தோற்றதா, வென்றதா என்று அவசரத் தீர்ப்பு எழுதியவர்களின் பாடு பரிதாபம். துனீசியா வென்றது என்று 2015-இல் அந்நாட்டு அமைப்புகளுக்குக் கிடைத்த அமைதி நோபல் பரிசைக் காட்டி எழுதினார்கள். 2021 ஜூலை 25 அன்று அதன் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். சிரியாவில் அசாத் வென்றுவிட்டார் என்று எழுதிய மை காய்வதற்குள், 2024 டிசம்பர் 8 அன்று அவர் மாஸ்கோவுக்குப் பறந்தார்.

'வளைகுடாவில் ஒன்றும் நடக்கவில்லை' என்பதும் ஒரு தவறுதான். பஹ்ரைனின் தலைநகர் மனாமாவில் 2011-க்கு முன் வேலை பார்த்த நம்மவர்களுக்கு 'லூலு ரவுண்டானா' தெரிந்திருக்கும்: ஆறு தூண்கள் வளைந்து மேலே ஒரு முத்தைத் தாங்கி நிற்கும். 2011 பிப்ரவரியில் மக்கள் அங்கேதான் கூடாரம் போட்டார்கள். மார்ச் 14 அன்று அரசுக்குத் துணையாகச் சவூதிப் படைகள் கடல்பாலம் தாண்டி வந்தன. மார்ச் 18 அன்று அந்தச் சின்னம் இடித்துத் தள்ளப்பட்டது. அந்த முத்து 500 ஃபில்ஸ் நாணயத்திலும் இருந்தது. அதையும் திரும்பப் பெற்றார்கள்.