வறுமையையும் வீடின்மையையும் கணினி வழியே கற்பித்தல்: ஆசிரியர்களுக்குச் சில வழிமுறைகள்

வறுமையைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு வரையறையில் தொடங்கி, நெஞ்சை உருக்கும் சில படங்களைக் காட்டி, உதவும் மனம் வேண்டும் என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகிறது. இரக்கம் நல்லதுதான்; ஆனால் ஒருவர் ஏன் வீட்டை இழக்கிறார், இழந்த பின் மீண்டும் ஒரு கூரையைப் பெறுவது ஏன் அவ்வளவு கடினம் என்ற கேள்விகளுக்கு அது விடை சொல்லாது. கணினி இங்கேதான் கைகொடுக்கிறது. வாடகையையோ கூலியையோ மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று மாணவரே கண்டறிய அது வழி செய்கிறது.

தொடங்குமுன் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் பேசப்போகும் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் மாணவர் அந்த வகுப்பிலேயே இருக்கலாம். எனவே எவரிடமும் குடும்ப வருமானத்தையோ வீட்டின் நிலையையோ கேட்க வேண்டாம். எல்லாப் பயிற்சிகளையும் கற்பனைக் குடும்பங்களை வைத்தே செய்யுங்கள். இணையம் தேவைப்படும் வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுக்காமல் பள்ளியிலேயே முடித்துவிடுங்கள். தெருவில் உறங்குவோரைக் கைப்பேசியில் படம் பிடித்து வருமாறு மாணவர்களை அனுப்புவதை அறவே தவிர்க்க வேண்டும்.

முதல் வகுப்பில் அளவுகோல்களை எடுத்துக்கொள்ளலாம். எந்த அளவுக்குக் கீழே இருப்பவர் ஏழையாகக் கணக்கிடப்படுகிறார் என்பதைக் காட்டும், கடும் வறுமைக்கான உலக வங்கியின் கோடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.15 டாலர் என்று 2022இல் வகுக்கப்பட்டு, 2025 ஜூன் மாதத்தில் 3 டாலராக மாற்றப்பட்டது. அந்த வங்கியின் வறுமை, சமத்துவமின்மைத் தரவுத்தளத்தில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, கோட்டை மேலும் கீழும் நகர்த்தச் சொல்லுங்கள். எவருடைய வாழ்க்கையும் மாறாமலே ஏழைகளின் எண்ணிக்கை கூடிக் குறைவதை மாணவர்கள் திரையில் காண்பார்கள். பிறகு, பணத்தை மட்டும் பார்க்காமல் சத்துணவு, பள்ளி வருகை, சமையல் எரிபொருள், குடிநீர், கழிப்பறை போன்ற 10 குறியீடுகளால் அளக்கும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டை அறிமுகப்படுத்தலாம். அளவுகோலைப் பொறுத்து எண்ணிக்கை மாறுவது வீடின்மைக்கும் பொருந்தும். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஈத்தாஸ் (ETHOS) என்ற வீடின்மை வகைப்பாடு தெருவில் படுப்பவரை மட்டுமல்லாமல், விடுதிகளில் தங்குபவர், வேறு வழியின்றி உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர், எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடியவர் ஆகியோரையும் கணக்கில் சேர்க்கிறது.

அடுத்த வகுப்புக்கு, உலகப் புள்ளிவிவரங்களை எளிமையாக விளக்கும் கேப்மைண்டர் நிறுவனத்தின் டாலர் ஸ்ட்ரீட் இணையதளம் மிகப் பொருத்தமானது. ஐம்பது நாடுகளுக்கும் மேலான இடங்களிலுள்ள வீடுகளின் அடுப்பு, கட்டில், பல் துலக்கி, முன்கதவு ஆகியவற்றின் படங்கள் அங்கே வருமான வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. நாட்டின் பெயரும் வருமானமும் தெரியாதபடி பத்து அடுப்புகளின் படங்களை முன்கூட்டியே எடுத்துவைத்து, குறைந்த வருமானம் முதல் கூடிய வருமானம் வரை அடுக்குமாறு குழுக்களிடம் கொடுங்கள். விடையைத் திறக்கும்போது, மூன்று கல் அடுப்பு வெவ்வேறு கண்டங்களிலிருந்து வந்திருப்பதையும், ஒரே நாட்டுக்குள் அடுப்புகள் முற்றிலும் வேறுபடுவதையும் அவர்கள் பார்ப்பார்கள். வறுமை என்பது இன்ன மக்களின் பழக்கம் என்ற எண்ணம் ஆட்டம் காணுவது அப்போதுதான்.

மூன்றாவதாக ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் வீடற்றோருக்காகப் பணியாற்றும் ஓர் அமைப்புக்காக 2011இல் உருவாக்கப்பட்ட ஸ்பென்ட் (Spent) என்ற இணைய விளையாட்டு, விளையாடுபவரின் கையில் 1,000 டாலர் கொடுத்து ஒரு மாதத்தை ஓட்டச் சொல்கிறது. நகரத்தை விட்டு விலகிப் போனால் வாடகை குறையும், பயணச் செலவு கூடும். காப்பீடு வேண்டுமா, பழுதான வண்டியைச் சரிசெய்வதா என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். மாணவர்கள் இதில் ஆர்வமாக மூழ்கிவிடுவார்கள், அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இதை விளையாடியதால் ஏழைகளைப் பற்றிய மனப்பான்மை மேம்படவில்லை. முடிவுகள் தம் கையில் இருந்ததால், கவனமாக இருந்தால் வறுமையைத் தவிர்த்துவிடலாம் என்ற நினைப்பே விளையாட்டின் வழியே வலுப்பெறக்கூடும் என்பது அவர்களின் விளக்கம். ஆகவே விளையாட்டு முடிந்ததும் மணி அடித்துவிட அனுமதிக்காதீர்கள். விளையாடும் நேரத்துக்குச் சமமான நேரத்தையாவது பேச்சுக்கு ஒதுக்குங்கள். யார் கையில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் அது போட்டியாகிவிடும். எந்தத் தேர்வு உங்களுக்குத் தரப்படவே இல்லை, அந்த விதியை எழுதியவர் யார் என்று கேளுங்கள். அதே மாதத்தை எக்செல் தாளில் மாணவர்களே அமைத்து, வாடகை என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால், சிக்கனத்தால் எட்ட முடியாத தொலைவு எவ்வளவு என்பது எண்ணாகவே தெரியும். மாத வாடகையைக் கட்ட முடிந்தவர்கூட முன்பணத்தை ஒரே நேரத்தில் திரட்ட முடியாமல் தெருவிலேயே தங்கிவிடுவதையும் அந்தத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துக் காட்டலாம்.

கணினி உருவாக்கும் காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் உணரவைக்கும் மெய்நிகர் தலைக்கருவி (VR) இருந்தால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய, வீட்டை இழக்கும் அனுபவத்தைப் படிப்படியாகக் காட்டும் செயலியைப் பயன்படுத்தலாம். 2018இல் வெளியான அவர்களின் ஆய்வில், அதைப் பார்த்தவர்களில் 82 விழுக்காட்டினர் கட்டுப்படியாகும் வீடுகளுக்கான மனுவில் கையொப்பமிட்டனர். அதே கதையைப் படித்தவர்களில் 67 விழுக்காட்டினர் கையொப்பமிட்டனர். கருவி இல்லையென்றால் வருந்த வேண்டியதில்லை. படித்தவர்களிலும் பெரும்பாலோர் கையொப்பமிட்டிருக்கிறார்கள் அல்லவா!

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிவது செலவே இல்லாத கடைசிப் பயிற்சிதான். கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு வேலை விண்ணப்பம் தயாரித்து, நிரந்தர முகவரி, இப்போது இயங்கும் கைப்பேசி எண், மின்னஞ்சல், அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கட்டாயக் கேள்விகளாக்குங்கள். மாணவர்களுக்குக் கற்பனை மனிதர்களின் சீட்டுகளைக் கொடுங்கள்: ஒருவருக்கு முகவரி இல்லை, இன்னொருவரின் கைப்பேசியில் சார்ஜ் போட இடமில்லை, மற்றொருவரின் அடையாள அட்டை மழையில் நனைந்து அழிந்துவிட்டது. தகுதி எல்லோருக்கும் ஒன்றே என்று சொல்லி, உண்மையை மட்டுமே நிரப்ப வேண்டும் என்று விதியுங்கள். சிவப்பு நட்சத்திரம் இட்ட கட்டம் காலியாக இருக்க, அனுப்பும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விண்ணப்பம் நகராது. சிலர் சிரிப்பார்கள், சிலர் பொய் முகவரி எழுதலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே விவாதத்தைத் தொடங்கலாம்.

மதிப்பெண் வழங்க வேண்டுமெனில், கட்டுரையோ சுவரொட்டியோ கேட்காமல், அந்தப் படிவத்தையே திருத்தி அமைக்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வி தேவையற்றது, எதைப் பின்னர் கேட்கலாம், முகவரிக்குப் பதிலாக எதை ஏற்கலாம் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதச் சொல்லி, அந்தக் காரணங்களுக்கே மதிப்பெண் அளியுங்கள்.